வாழைத்தோல் முதல் புளியங்கொட்டை வரை: வாசகர் கேள்வி–பதில்

காய்கனிகளைப் பதனிடும்போது மிஞ்சும் தோல், சக்கை, கொட்டை, நீர் ஆகியவற்றைத் தொழிலுக்குப் பயன்படுத்துவது குறித்துக் காவிரி டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் விடையளிக்கிறோம்.

கேள்வி: திருவையாற்றில் வாழைக்காய் சிப்ஸ் போடும் சிறு கூடம் நடத்துகிறேன். நாளொன்றுக்கு 200 கிலோ தோல் சேர்கிறது. கொஞ்சத்தை மாடு வைத்திருப்பவர்கள் எடுத்துச் செல்கிறார்கள்; மீதி குழியில் கிடந்து அழுகுகிறது. இதை விலை கொடுத்து வாங்கும் தொழிற்சாலை எங்கே இருக்கிறது?

பதில்: தொழிற்சாலையைத் தேடுவதற்கு முன் உங்கள் தோலில் என்ன இருக்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். பச்சை வாழைத்தோலின் எடையில் ஏறக்குறைய 85 முதல் 90 விழுக்காடு வரை தண்ணீர்தான். 200 கிலோவை வண்டியில் ஏற்றி அனுப்பினால் அதில் 170 கிலோ தண்ணீருக்கு வாடகை கொடுக்கிறீர்கள். எஞ்சிய 30 கிலோவில்தான் மாவுச்சத்தும், நார்ச்சத்தும், பொட்டாசியமும், துவர்ப்பைத் தரும் டானினும் உள்ளன. அடுத்தது நேரம். காலையில் சீவிய தோல் நம் ஊர் வெப்பத்தில் மாலைக்குள் கறுத்துவிடும்; மறுநாள் புளிக்கும்; அதற்கடுத்த நாள் ஈ மொய்க்கும் குப்பையாகிவிடும். காய்கனிக் கழிவு பற்றிய எந்த யோசனையையும் யார் சொன்னாலும், அதில் தண்ணீர் எவ்வளவு, அது கெடாமல் இருக்கும் நேரம் எவ்வளவு என்ற இரண்டையும் முதலில் கேட்டுவிடுங்கள். அதிலிருந்து என்னென்ன பிரித்தெடுக்கலாம் என்பது அதன் பிறகு வரவேண்டிய கேள்வி.

உலர்த்திவிட்டால் இரண்டு சிக்கலும் தீரும் என்பது உண்மைதான். ஆனால் உலர்த்தும் செலவைக் கணக்கிட்டுப் பாருங்கள். 85 விழுக்காடு ஈரமுள்ள ஒரு டன் தோலை 10 விழுக்காடு ஈரத்துக்குக் கொண்டுவந்தால் கையில் மிஞ்சுவது சுமார் 167 கிலோ. மீதி 833 கிலோவும் ஆவியாகப் போகவேண்டிய தண்ணீர். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 540 கிலோகலோரி வெப்பம் தேவை. கிலோவுக்கு 3,000 கிலோகலோரி தரும் உமியை எரித்து, அந்த வெப்பத்தில் நூற்றுக்கு 40 பங்கு பயன்படுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு டன் தோலை உலர்த்த 375 கிலோ உமி வேண்டும். சித்திரை, வைகாசியில் வெயிலே இந்த வேலையைச் செய்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் களத்தில் பரப்பிய தோல் பூஞ்சை பிடித்துப் போகும். வெயிலை மட்டும் நம்பித் தொடங்கிய உலர்த்தும் தொழில் டெல்டாவில் ஆண்டு முழுவதும் ஓடாது.

ஆயினும் நமக்கு ஒரு வசதி உண்டு. நெல் அரவை ஆலைகளின் உமி உலைகள் குறுவை அறுவடையிலும் சம்பா, தாளடி அறுவடையிலும் இடைவிடாமல் எரிகின்றன. மற்ற மாதங்களில் அவற்றுக்கு அவ்வளவு வேலை இருப்பதில்லை. நெல் உலர்த்தும் உயரமான கோபுரத்துக்குள் ஈரத்தோலைப் போட முடியாது, அது அடைத்துக்கொள்ளும். ஆனால் அதே உலையின் சூடான காற்றைக் குழாய் வழியே ஒரு தட்டு உலர்த்திக்குக் கொண்டுவர முடியும். பக்கத்திலுள்ள நான்கைந்து சிப்ஸ் கூடங்களும் ஓர் ஆலையும் சேர்ந்தால் நடக்கக்கூடிய காரியம் இது. தனியாக 200 கிலோவை வைத்துக்கொண்டு, நாளுக்கு 33 கிலோ உலர்தோலுக்காக உலர்த்தி வாங்குவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

உங்கள் அளவுக்குப் பொருந்துவது சாண எரிவாயுக் கலன். உங்களுக்கே நாள்தோறும் எண்ணெய்ச் சட்டியின் அடியில் எரிபொருள் தேவைப்படுகிறது. 30 கிலோ திடப்பொருளில் கிலோவுக்குக் கால் கன மீட்டர் வாயு என்று குறைத்தே கணக்கிட்டாலும் 7 கன மீட்டருக்கு மேல் வரும். ஒரு கன மீட்டர் வாயு ஏறத்தாழ 0.45 கிலோ சமையல் எரிவாயுவுக்கு ஈடு என்பதால், நாளுக்கு 3 கிலோ எரிவாயு மிச்சமாகும். தோலைத் துண்டு துண்டாக நறுக்கிச் சாணக் கரைசலோடு கலந்து, முதல் சில வாரங்களுக்குச் சிறிது சிறிதாக அளவைக் கூட்டிக்கொண்டே போகவேண்டும். கலனிலிருந்து வெளிவரும் கரைசலை வாழைத் தோட்டக்காரர்கள் விரும்பி வாங்குவார்கள், ஏனெனில் வாழை மண்ணிலிருந்து எடுத்த பொட்டாசியத்தில் ஒரு பங்கு அதில் திரும்பி வருகிறது.

மாட்டுக்குப் போகும் பகுதியை நிறுத்திவிட வேண்டாம். உரித்த அன்றே போவதாக இருந்தால் அது மிகச் சிறந்த பயன்பாடு. ஆனால் தோலில் புரதம் குறைவு. டானின் இருப்பதால் அதை மட்டுமே நிறையத் தின்றால் செரிமானம் கெடும். ஆகவே வைக்கோலோடும் புண்ணாக்கோடும் கலந்து, அளவாகக் கொடுக்கும்படி எடுத்துச் செல்கிறவர்களிடம் சொல்லுங்கள். பூஞ்சை கண்ட தோலைக் கழுவிக் கொடுத்தாலும் பாலுக்கும் மாட்டுக்கும் கேடுதான்.

நம் வீடுகளில் வாழைக்காய்த் தோலைத் துவையலாக அரைப்பது வழக்கம் என்பதால், அதைப் பொடியாக்கி மனித உணவாக விற்கலாமே என்று தோன்றக்கூடும். விற்கலாம், ஆனால் தாரின் மேல் மருந்து தெளித்திருந்தால் அது முதலில் தங்குவது தோலில்தான். தோட்டம் எது, என்ன தெளித்தார்கள் என்பது தெரியாத தோலை உணவுக்குப் பயன்படுத்தக் கூடாது.

கேள்வி: கும்பகோணத்தில் பழச்சாறு கடைகளிலிருந்து சாத்துக்குடி, ஆரஞ்சுத் தோல் இலவசமாகவே கிடைக்கிறது. அதிலிருந்து பெக்டின் எடுத்து விற்றால் நல்ல வருமானம் என்று கைப்பேசியில் ஒரு காணொளி பார்த்தேன். வீட்டிலேயே தொடங்க முடியுமா?

பதில்: பெக்டின் என்பது பழ ஜாம் கெட்டியாவதற்குக் காரணமான பொருள். உலர்ந்த சாத்துக்குடி, ஆரஞ்சு வகைத் தோலில் அது 20 முதல் 30 விழுக்காடு வரை இருக்கிறது என்பதும், உலகச் சந்தையில் விற்கும் பெக்டினில் பெரும்பகுதி இத்தகைய தோலிலிருந்தும் ஆப்பிள் சக்கையிலிருந்தும் வருகிறது என்பதும் சரியான செய்திகளே. வீட்டில் தொடங்கலாம் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

செய்முறையைச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்யலாம். தோலை அமிலம் கலந்த வெந்நீரில் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ வைத்தால் பெக்டின் நீரில் கரையும். அந்த நீரை வடிகட்டித் தெளியவைத்து, அதற்குச் சமமான அளவு அல்லது இருமடங்கு ஆல்கஹாலைச் சேர்த்தால் பெக்டின் திரிந்து மேலெழும். அதைப் பிழிந்து, கழுவி, உலர்த்தி, மாவாக்க வேண்டும். இவ்வளவு ஆல்கஹாலையும் காய்ச்சி வடித்துத் திரும்பப் பிடிக்காவிட்டால் முதல் வாரத்திலேயே நட்டம். பிடிப்பதென்றால் வடிகலன், குளிர்விப்பான், தீத்தடுப்பு ஏற்பாடு என்று முதலீடு ஏறிக்கொண்டே போகும். எத்தனால் வாங்கி இருப்பு வைக்க மதுவிலக்கு, ஆயத்தீர்வைத் துறையின் உரிமமும் தேவைப்படும். கடைசியில் கிடைக்கும் மாவில், பெக்டினின் அடிப்படைக் கூறான கேலக்டூரோனிக் அமிலம் 65 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருந்தால்தான் பன்னாட்டுத் தரப்படி அது உணவுக்கான பெக்டின். ஒவ்வொரு தொகுதியும் ஒரே மாதிரி உறையவும் வேண்டும், இல்லையென்றால் ஜாம் தயாரிப்பவர் இரண்டாம் முறை வாங்கமாட்டார்.

கடைத்தோலில் இன்னொரு குறையும் இருக்கிறது. சாறு பிழிந்த மறுகணமே தோலிலுள்ள ஒரு நொதி பெக்டினின் அமைப்பைச் சிதைக்கத் தொடங்கிவிடும். இதைத் தடுக்கவே பெரிய ஆலைகள் பிழிந்த தோலை உடனே கழுவி, சூடேற்றி, உலர்த்திவிடுகின்றன. பகலெல்லாம் கூடையில் கிடந்து இரவில் உங்களிடம் வரும் தோல், எண்ணிக்கையில் எவ்வளவு இருந்தாலும், பெக்டினுக்கு உதவாது.

கையில் குறைந்த முதல் இருக்கிறதென்றால், நம்பிக்கையான இரண்டு மூன்று கடைகளிடம் மட்டும் தோலைப் பழம் பிழியுமுன் கழுவித் தரச் சொல்லி, அன்றே வேகவைத்துக் கசப்பு நீக்கி, சர்க்கரைப்பாகில் ஊறவைத்து, உலர்த்திய இனிப்புத் தோலாக விற்கலாம். பேக்கரிக்காரர்கள் அதைக் கேக்கில் சேர்ப்பதற்கு வாங்குகிறார்கள். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொண்டு தொடங்குங்கள்.

கேள்வி: திருவாரூர்ப் பக்கம் கோடையில் எங்கள் தெருப் பெண்கள் புளி குத்திக் கொட்டை எடுக்கிறோம். கொட்டையைத் தனியாக ஒரு வியாபாரி எடை போட்டு வாங்கிச் செல்கிறார். அவர் அதை என்ன செய்கிறார்?

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்து மகிழ்ந்தேன், ஏனெனில் இந்தப் பகுதியில் சத்தமில்லாமல் உண்மையிலேயே தொழிலாக நிலைபெற்ற காய்கனிக் கழிவு புளியங்கொட்டைதான். அதை வறுத்து, சிவப்புத் தோலை நீக்கி, உள்ளே இருக்கும் வெள்ளைப் பருப்பை மாவாக அரைக்கிறார்கள். அந்த மாவில் பாதிக்கு மேல் சைலோகுளுக்கன் என்ற பசைத்தன்மையுள்ள மாவுப்பொருள். பருத்தி, சணல் ஆலைகளில் பாவு நூலுக்குக் கஞ்சி போடவும், துணி அச்சிடும் சாயத்தைக் கெட்டிப்படுத்தவும் இந்த மாவு பல பத்தாண்டுகளாகப் பயன்படுகிறது. தூய்மைப்படுத்திய பசையை ஜப்பானில் உணவுப் பொருள்களைக் கெட்டிப்படுத்தச் சேர்க்கிறார்கள். நீக்கிய தோலிலும் டானின் நிறைய உண்டு.

கொட்டை ஏன் தொழிலாயிற்று, வாழைத்தோல் ஏன் ஆகவில்லை? கொட்டை இயற்கையாகவே உலர்ந்தது. மாதக்கணக்கில் சாக்கில் கிடந்தாலும் கெடாது. நூறு வீடுகளில் சிறிது சிறிதாகச் சேர்ந்ததை ஒருவர் நிதானமாகத் திரட்டி, தொலைவிலுள்ள ஆலைக்கு லாரி நிறைய அனுப்ப முடிகிறது. உங்களுக்கு ஒரு யோசனை: சதைப்பிசிறு ஒட்டாமல் கழுவிக் காயவைத்து, வண்டு துளைத்ததைப் பொறுக்கி எடுத்துவிட்டால், கொட்டைக்குக் கூடுதல் விலை கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தெருவே சேர்ந்து ஒரே எடையாக விற்பது அதைவிடப் பயன் தரும்.

கேள்வி: பட்டுக்கோட்டை வட்டாரத்தில் எங்கள் மகளிர் சுய உதவிக் குழு கொப்பரைக் களம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறது. தேங்காய் உடைக்கும்போது தண்ணீர் முழுவதும் வாய்க்காலில் ஓடிப் புளித்து நாறுகிறது. அண்டை வயல்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள். இதற்கு வழி உண்டா?

பதில்: வயல்காரர்கள் கோபிப்பதில் நியாயம் இருக்கிறது. தேங்காய்த் தண்ணீரிலுள்ள சர்க்கரை புளிக்கும்போது வாய்க்கால் நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடும். மீனும் பயிர்வேரும் மூச்சுத் திணறும். அந்தச் சர்க்கரையையே உங்களுக்கு வேலைக்காரனாக்கிக்கொள்ள வினிகர் நல்ல வழி.

முற்றிய காயின் தண்ணீரில் சர்க்கரை 2, 3 விழுக்காடுதான். சுமாராகச் சொன்னால், சர்க்கரையில் பாதி ஆல்கஹாலாக மாறும். ஆல்கஹால் அதே அளவு அசிட்டிக் அமிலமாக மாறும். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிப்படி புளிக்கவைத்த வினிகரில் அசிட்டிக் அமிலம் 3.75 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. எனவே வெறும் தண்ணீரை வைத்துத் தரம் எட்ட முடியாது. சர்க்கரை சேர்த்து மொத்தம் 10 விழுக்காடு அளவுக்குக் கொண்டுவர வேண்டும். உடைத்தவுடன் தண்ணீரை எவர்சில்வர் பாத்திரத்தில் பிடித்து, வடிகட்டி, காய்ச்சி, ஆறவைத்து, ஈஸ்ட் சேர்த்து மூடிவைத்தால் ஒரு வாரத்தில் ஆல்கஹால் நிலைக்கு வரும். பிறகு முந்தைய தொகுதியின் நல்ல வினிகரைத் தாயாகச் சேர்த்து, காற்றுப் படும்படி மெல்லிய துணியால் வாயைக் கட்டிவைக்க வேண்டும். முதல் கட்டத்தில் காற்று ஆகாது, இரண்டாம் கட்டத்தில் காற்று இல்லாமல் ஆகாது. இதை மாற்றிச் செய்வதால்தான் பல இடங்களில் தொகுதி கெட்டுப்போகிறது. அமிலத்தின் அளவை ஒவ்வொரு முறையும் சோதிக்கும் எளிய கருவிகள் உள்ளன. உங்கள் குழுவில் ஒருவர் அதைக் கற்றுக்கொண்டால் போதும்.

எல்லாத் தண்ணீரையும் வினிகராக்கினால் விற்க முடியாமல் தேங்கும். விற்பனைக்கு ஏற்ற அளவை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியைச் சாண எரிவாயுக் கலனுக்கு அனுப்புங்கள். கொட்டாங்கச்சியைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. அதை அடுப்பில் எரித்துவிடாமல் கரிசுடுபவர்களுக்குக் கொடுங்கள். அந்தக் கரியை 900 பாகைக்கு மேல் நீராவி செலுத்திப் பதப்படுத்தினால் குடிநீரைத் தூய்மைப்படுத்தவும், தாதுக் கரைசலிலிருந்து பொன்னைப் பிரித்தெடுக்கவும் உதவும் கிளர்வூட்டிய கரி கிடைக்கிறது. ஆனால் அந்தக் கடைசிப் படி பெரிய ஆலைகளுக்கு உரியது. ஊருக்குள் இரும்பு உருளையில் கரி சுடுவதையும் நான் ஆதரிக்கவில்லை. அந்தப் புகை பிள்ளைகளின் நுரையீரலுக்குப் போகும்.

கேள்வி: திருச்சி காந்தி சந்தையில் கமிஷன் மண்டி வைத்திருக்கிறேன். சந்தைக் கழிவிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்கிறார்கள். இது நடைமுறையில் எங்காவது ஓடுகிறதா?

பதில்: ஓடுகிறது. ஐதராபாத் போயன்பள்ளி காய்கறிச் சந்தையில், இந்திய வேதியியல் தொழில்நுட்பக் கழகத்தின் தொழில்நுட்பத்தில் அமைந்த நிலையம் நாளுக்கு ஏறக்குறைய 10 டன் கழிவை எடுத்து எரிவாயுவாக்கி, 500 யூனிட் அளவுக்கு மின்சாரம் தருகிறது. சந்தை விளக்குகளுக்கும் உணவுக்கூடத்தின் அடுப்புக்கும் அது பயன்படுகிறது. 10 டன்னுக்கு 500 யூனிட் என்பதைக் கவனியுங்கள். மின்சாரம் விற்றுப் பணம் பார்ப்பதற்காக இதைத் தொடங்கினால் ஏமாற்றமே மிஞ்சும். 10 டன் கழிவைக் குப்பைக் கிடங்குக்கு இழுக்கும் லாரிச் செலவும், அங்கே அது அழுகி வெளிவிடும் மீத்தேனும், தீப்பற்றினால் எழும் புகையும் இல்லாமற்போவதே முதன்மையான ஆதாயம்.

இத்தகைய நிலையங்கள் நின்றுபோவதற்கான காரணங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. காய்கறி மிக விரைவில் புளித்து அமிலமாகும். மீத்தேன் தரும் நுண்ணுயிர்களோ மெதுவாகத்தான் வேலை செய்யும். ஒரே நாளில் அதிகமாகக் கொட்டினால் கலனுக்குள் புளிப்பேறி வாயு நின்றுவிடும். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலின் எண்ணெயிலுள்ள லிமோனீன் அந்த நுண்ணுயிர்களுக்கு நஞ்சு. அவற்றைக் குறைவாகவே சேர்க்கவேண்டும். திருச்சிக்கே உரிய இடையூறு ஒன்றையும் சொல்லவேண்டும். வாழைத்தார்க் காம்பும், சருகும், மட்டையும் நம் சந்தையில் மலைபோல் குவிகின்றன. அவற்றின் நார் அரவை இயந்திரத்தின் தண்டில் சுற்றிக்கொண்டு அதை நிறுத்திவிடும். வாழைக்கழிவைத் தனியாகப் பிரித்து மட்கவைப்பதோ, நார் எடுப்பவர்களிடம் கொடுப்பதோ நல்லது. பிரிக்கும் வேலை மண்டியிலேயே, கழிவு விழும் இடத்திலேயே நடக்கவேண்டும். பிளாஸ்டிக் சரடோடும் சாக்கோடும் கலந்து ஒருமுறை குவிந்துவிட்டால் பிறகு பிரிப்பது துப்புரவுத் தொழிலாளரின் கைகளைத்தான் காயப்படுத்தும். உங்களைப் போன்ற மண்டிக்காரர்கள் இரண்டு தொட்டி வைக்க ஒப்புக்கொள்ளாமல் எந்த இயந்திரமும் இந்த வேலையை முடித்துத் தராது.

கேள்வி: தஞ்சாவூரில் உணவுத் தொழில்நுட்பம் படிக்கிறேன். காய்கனிக் கழிவிலிருந்து மிக உயர்ந்த விலைக்கு விற்கும் பொருள் எது?

பதில்: மாங்கொட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மாங்கூழ் ஆலைகளில் மலையாகச் சேரும் கொட்டையை உடைத்தால் கிடைக்கும் பருப்பில், உலர் எடையில் 7 முதல் 12 விழுக்காடு வரை கொழுப்பு உண்டு. அது கோகோ வெண்ணெயைப் போல் உருகும் தன்மையுடையது. சாக்லேட்டில் 5 விழுக்காடு வரை சேர்க்க ஐரோப்பிய ஒன்றியத்தின் 2000-ஆம் ஆண்டு ஆணை அனுமதித்த 6 தாவரக் கொழுப்புகளில் அதுவும் ஒன்று. அன்னாசித் தண்டிலிருந்து இறைச்சியை மென்மையாக்கும் புரோமலைன் நொதியும், தக்காளித் தோலிலிருந்து லைகோபீன் என்ற சிவப்பு நிறமியும், திராட்சைச் சக்கையிலிருந்தும் ஒயின் வண்டலிலிருந்தும் டார்டாரிக் அமிலமும் எடுக்கிறார்கள்.

ஆனால் விலையை மட்டும் பார்த்து ஆய்வைத் தேர்ந்தெடுக்காதீர்கள். சிட்ரிக் அமிலத்தின் வரலாறு உங்களுக்குப் பயன்படும். ஒரு காலத்தில் அது இத்தாலிய எலுமிச்சைச் சாற்றிலிருந்தே வந்தது. 1917-இல் கருப்புப் பூஞ்சை ஒன்று சர்க்கரையிலிருந்தே அதைத் தயாரிக்கும் என்று காட்டப்பட்டபின், பழத்தை நம்பிய தொழில் சாய்ந்தது. அதே பூஞ்சையைப் பழத்தோலில் வளர்த்தும் சிட்ரிக் அமிலம் எடுக்கலாம். ஆய்வுக்கூடங்களில் எடுத்தும் இருக்கிறார்கள். எனினும் ஆலைகள் கரும்புப்பாகையும் மாவுச்சத்தையும்தான் வாங்குகின்றன, ஏனெனில் அவை ஆண்டு முழுவதும் ஒரே தரத்தில் கிடைக்கின்றன. உங்கள் ஊரைச் சுற்றிலும் ஈரக்கழிவை மலிவாக உலர்த்தவும், கெடாமல் மூன்று நாள் வைத்திருக்கவும் வழி கண்டுபிடித்தால், அது புதிய நிறமி ஒன்றைப் பிரித்தெடுப்பதைவிடப் பல பேருக்கு உதவும்.

கேள்வி: மயிலாடுதுறையில் இத்தகைய தொழில் தொடங்க நினைக்கிறோம். டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆயிற்றே, அனுமதி கிடைக்குமா? பயிற்சிக்கு எங்கே செல்வது?

பதில்: 2020-ஆம் ஆண்டுச் சட்டம் தடுப்பது எண்ணெய், இயற்கை எரிவாயு எடுப்பதையும், துத்தநாகம், செம்பு, அலுமினிய உருக்காலைகள், தோல் பதனிடுதல், கப்பல் உடைத்தல் போன்றவற்றையும்தான். வேளாண் விளைபொருளைப் பதனிடும் தொழில் அந்தத் தடைப்பட்டியலில் இல்லை. மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வேறு; கழுவுநீரை எங்கே விடப்போகிறீர்கள் என்பதற்கு அங்கே தெளிவான விடை சொல்லவேண்டும். ஆற்றிலும் வாய்க்காலிலும் விடமாட்டோம் என்பதை வரைபடத்திலேயே காட்டுங்கள்.

தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப, தொழில்முனைவு, மேலாண்மை நிறுவனம் இதற்கு உகந்த இடம். 1960-களில் குறுவை அறுவடை மழையில் மாட்டி ஈர நெல் முளைவிட்டுப் பாழானபோது, அதைக் காப்பாற்றும் வழி தேடித் திருவாரூரில் தொடங்கிய ஆய்வுக்கூடத்தின் வளர்ச்சிதான் அது. ஈரத்தோடு போராடுவதில் அதற்கு நெடுநாள் பழக்கம் உண்டு. வாழையின் நார், மாவு, தண்டுச்சாறு குறித்த ஐயங்களுக்குத் திருச்சியில் 1993 முதல் இயங்கும் தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தை அணுகலாம். 2020-இல் தொடங்கிய மத்திய அரசின் குறு உணவுப் பதனிடும் தொழில் திட்டத்தில் திட்டச் செலவில் 35 விழுக்காடு, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம் உண்டு. விண்ணப்பத்தின் தற்போதைய நிலையை மாவட்ட வேளாண் வணிக அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கே சென்றாலும் வெறுங்கையோடு போகவேண்டாம். அன்று காலை எடுத்த கழிவில் இரண்டு கிலோவை ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துச் செல்லுங்கள். கூடவே, எந்த மாதம் எத்தனை கிலோ சேர்கிறது என்று ஓராண்டுக்கு எழுதிய கணக்கையும் கொண்டுபோனால், அவர்கள் இயந்திரத்தின் அளவைச் சரியாகச் சொல்ல முடியும்.